கொற்றங்கல்லின் சாக்கடை

மழைக்காலம் முடிந்ததும் தங்கை வீட்டு மாடி அறை காலியாகிறது, அங்கே போய்விடப் போகிறேன் என்று மனைவி சொன்னபோது பல் தேய்த்துக்கொண்டிருந்தான் கம்பி. வாயெல்லாம் நுரை. கொப்பளித்துத் துப்பிவிட்டுத் திரும்புவதற்குள் அவள் மின்கட்டணம் எங்கே கட்டுவது, கேஸுக்கு யாரைக் கூப்பிடுவது, எந்தச் சட்டையைத் தனியாகத் துவைக்க வேண்டும் என்பதுவரை சொல்லி முடித்திருந்தாள்.

"எத்தனை நாளைக்கு?" என்றான்.

"இனிமே அங்கதாங்க."

"நான் என்ன பண்ணேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணல."

இதை ஆறுதலாக எடுத்துக்கொண்டு அவன் முகம் கழுவினான். குற்றச்சாட்டு என்று விளங்க வெகுநாள் பிடித்தது.

கம்பி என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். குடிநீர் வழங்கும் அலுவலகத்தில் கசிவு கண்டுபிடிப்பது அவன் வேலை. வண்டிகள் ஓடத் தொடங்காத விடிகாலையில் நீண்ட இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தார்ச்சாலையில் ஊன்றி, கிண்ணம் போன்ற மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பான். ஆள் உயரத்துக்குக் கீழே புதைந்து கிடக்கும் குழாயில் ஊசி குத்திய அளவு ஓட்டை இருந்தாலும் அது 'உஸ்' என்று அவனிடம் வந்து சொல்லிவிடும். மண்ணுக்கடியில் நடப்பதெல்லாம் கேட்கிறவனுக்குப் பக்கத்துத் தலையணையில் நடப்பது கேட்கவில்லையே என்று உங்களுக்கு ஒரு வசனம் தோன்றினால், தாமதம். அதைக் கல்யாணமான புதிதிலேயே மச்சினி சொல்லிவிட்டாள். இன்றுவரை சொல்லிக்கொண்டும் இருக்கிறாள்.

அந்த மச்சினிக்குத்தான் போன் செய்தான்.

"உங்கக்காவுக்கு என் மேல என்ன கோவம்?"

"கோவமா? மாமா, கோவம் இருந்தா அவ ஏன் கிளம்புறா? அங்கயே இருந்து உங்களை உண்டு இல்லைன்னு பண்ணியிருப்பா."

"பின்ன என்னதான் வேணுமாம்?"

"அவ எப்பவும் என்ன படிச்சிக்கிட்டு இருக்கான்னு தெரியுமா உங்களுக்கு?"

"ஏதோ டிராகன் புஸ்தகம்."

"எத்தனை வருஷமா?"

"அது... இருக்கும்."

"அந்த ஊர் பேராவது தெரியுமா?"

"எந்த ஊரு?"

மச்சினி போனை வைத்திருந்தால்கூடப் பரவாயில்லை. பெருமூச்சு விட்டாள்.

அந்த ஊரின் பெயர் கொற்றங்கல். ஒன்பது பாகமாக நீளும் ஒரு மாயக்கதையின் தலைநகரம். ஒன்பதும் தையல் மெஷினுக்கு மேலே இருந்த அலமாரியில் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் செங்கல் கனம். ஒருமுறை ஃபிரிட்ஜ் ஆடுகிறதென்று நான்காம் பாகத்தை எடுத்து அதன் காலுக்கு அணை கொடுத்தவன் இவன்தான். மறுநாள் புத்தகம் அலமாரிக்குத் திரும்பியிருந்தது, ஃபிரிட்ஜுக்கு அடியில் நிஜச் செங்கல் வந்திருந்தது, யாரும் எதுவும் பேசவில்லை. அந்த வீட்டில் சண்டைகள் அப்படித்தான் நடந்தன.

இப்போது கம்பி ஒரு முடிவுக்கு வந்தான். மழை ஓய்வதற்குள் ஒன்பது பாகத்தையும் படித்துவிடுவது. மனைவியைப் புரிந்துகொள்ள மனைவியிடமே பேசலாம் என்றொரு குறுக்குவழி இருப்பது அவனுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும், ஒன்பது பாகம் அதைவிடச் சுலபமாகத்தான் தெரிந்திருக்கும்.

அவள் வேலைக்குப் போன பிறகு எடுத்து, வருவதற்குள் அதே இடத்தில் வைத்துவிடுவான். திருட்டுத்தனமாகச் சொந்த வீட்டில் புத்தகம் படிக்கிற நடுவயது ஆளை நினைத்து அவனுக்கே சிரிப்பு வந்தது. முதல் பாகம் முழுக்க உதட்டைப் பிதுக்கிக்கொண்டே படித்தான். டிராகன் பறக்கிறது. சரி. பறக்கட்டும். வளர்ந்தவர்கள் படிக்கிற விஷயமா இது?

அப்புறம் அந்த டிராகன் சாணி போட்டது.

அரண்மனை முற்றத்தில் போட்ட சாணியை யார் அள்ளுவது என்று தெருக் கூட்டுகிறவர்களுக்கும் லாயக்காரர்களுக்கும் தகராறு. பறக்கிற பிராணி எங்கள் கணக்கில் வராது என்கிறார்கள் லாயக்காரர்கள். தரையில் விழும்வரை அது குப்பையே இல்லை என்கிறார்கள் கூட்டுகிறவர்கள். வழக்கு மூன்றாம் பாகம்வரை இழுக்கிறது. நடுவில் ஒரு மகா யுத்தம் வந்து போகிறது, சாணி அங்கேயே கிடக்கிறது. கம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். அவனுடைய அலுவலகத்திலும் சாலையைத் தோண்டிய பள்ளத்தை யார் மூடுவது என்ற பிரச்சினை அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. இதை எழுதியவர் ஆகாயத்திலிருந்து குதித்தவர் இல்லை, எங்கேயோ கவுண்டரில் கால்கடுக்க நின்றவர் என்று அவனுக்குப் பட்டது.

அதோடு கதைக்குள் விழுந்தான். ராஜாவின் மூன்றாவது சமையல்காரனுக்கு இரண்டு பாகம் முழுக்கப் பல்வலி. அது என்ன ஆயிற்றோ என்று இவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. துயிலாற்றில் ஓடம் ஓட்டுகிறவர்கள் கரையேறியதும் ஆற்றுக்கு நன்றி சொல்லமாட்டார்கள், ஆறு வெட்கப்படுமாம். அங்கே கிணற்றுக் கயிற்றுக்குக்கூட ஒரு பெயர், ஒரு பரம்பரை, பக்கத்துக் கிணற்றுக் கயிற்றோடு ஒரு பகை.

ஐந்தாம் பாகத்தில் அந்த வழக்கம் வருகிறது. கொற்றங்கல்லில் விளக்கு வைக்கும் நேரம் வீட்டில் உள்ளவர்கள் எதிரெதிரே உட்கார்ந்து, அன்றைக்கு யாரிடமும் சொல்லாமல் மிஞ்சிப்போன ஒரே ஒரு சொல்லை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும். மிச்சச் சொல் என்று அதற்குப் பெயர். சொல்லாமல் வைத்துக்கொண்டால் அதற்குக் கனம் ஏறும். சொல் சேரச் சேர வீடு தரைக்குள் இறங்கும், வருஷத்துக்கு ஒரு விரற்கடை. தெருவில் நடந்து போகிறவர் ஜன்னலின் உயரத்தைப் பார்த்தே உள்ளே எப்படி வாழ்கிறார்கள் என்று சொல்லிவிடலாம்.

அந்தப் பக்கங்கள் விரல் பட்டுப் பட்டு மழமழவென்று ஆகியிருந்தன. ஒரு மூலையில் கண்ணீரோ டீயோ காய்ந்த வட்டம். மனைவி எத்தனை தடவை இங்கே வந்து நின்றிருக்கிறாள் என்பதை ஒரு குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். கம்பியும் அங்கேயே நின்றான். புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு வெகுநேரம் சுவரைப் பார்த்தான்.

வீடு இறங்கினால் சாக்கடை என்ன ஆகும்?

கழிவுநீர்க் குழாய்க்குச் சரிவு வேண்டும். வீடு மேலே, தெருக் குழாய் கீழே. வீடு விரற்கடை விரற்கடையாக இறங்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் தெருவிலிருந்து எல்லாம் திரும்பி வீட்டுக்குள் வரும். பேசாத குடும்பங்கள் மொத்தமும் முழங்கால் ஆழத்தில் நிற்க வேண்டும். மிச்ச நான்கு பாகத்தையும் படித்து முடித்தான், ஒன்பதிலும் ஒரு வரி இதைப் பற்றி இல்லை. அவனுக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. தெருவில் கம்பியை ஊன்றியதும் 'உஸ்' கேட்கும்போது வருகிற அதே பரபரப்பு. கண்டுபிடித்துவிட்டேன். இதை அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தால், தான் வரிவரியாகப் படித்தது அவளுக்குத் தெரிந்துபோகும்.

கழுத்துச் சங்கிலி வாங்கிய புருஷன் அதை எந்தச் சமயத்தில் நீட்டலாம் என்று யோசிப்பதைப் போல இவன் சாக்கடையை வைத்துக்கொண்டு யோசித்தான்.

மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் சட்டம் பொருத்துகிற வேலை பார்த்தாள். கொற்றங்கல் பைத்தியங்கள் சில பேர் ஞாயிறு மத்தியானம், கடை மூடிய பிறகு, அங்கே கூடுவார்கள். முதலாளியம்மாவும் அதே பைத்தியம் என்பதால் வாடகை கிடையாது. வாரத்தில் அந்த ஒரு வேளை மட்டும் மனைவி நல்ல புடவை கட்டிக்கொண்டு போவாள். ஏதோ ஸ்டாக் கணக்கு எடுக்கிறார்கள் என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தான்.

அந்த ஞாயிறு அவள் போய்ச் சற்று நேரம் கழித்து இவனும் போய் நின்றான்.

கண் பரிசோதிக்கும் நாற்காலியில் ஒரு ஆள் சாய்ந்திருந்தார். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். நாள் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, அந்நியர்கள் தன்னைக் கொல்ல முயல்வதை வலது கால் பிரேக்கால் தடுப்பவர். அதனால் பிரேக்கு என்றே பெயர். தரையில் சம்மணமிட்டு ஒரு கல்லூரிப் பெண், பொடுசு. முதலாளியம்மா கல்லாவுக்குப் பின்னால். மனைவி ஜன்னலோரம், எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். கையை வீசி, தலையை ஆட்டி, நடுவில் பிரேக்கின் குரலில் பேசிக் காட்டி. கம்பிக்கு அந்தப் பெண்ணை எங்கேயோ பார்த்ததுபோல் இருந்தது.

அவள் இவனைப் பார்த்தாள். வீசிய கை மடிக்குத் திரும்பியது.

"யாரும்மா?" என்றார் பிரேக்கு.

"எங்க வீட்டுக்காரர்," என்றாள். குரலில் ஒன்றுமே இல்லை.

"அட, வாங்க சார்! அக்கா சொல்லவே இல்லையே நீங்களும் நம்ம கேஸுன்னு!" பொடுசு நகர்ந்து இடம் கொடுத்தாள். "எத்தனாவது பாகம்?"

"ஒன்பதும் ஆச்சு." மனைவியைப் பார்த்தான். அவள் கையிலிருந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "எனக்கு ஒரே ஒரு சந்தேகம். அந்த வீடு இறங்குதே, அங்க சாக்கடை எப்படி ஓடும்?"

பிரேக்கு மெல்ல நிமிர்ந்தார்.

"என்ன சொன்னீங்க?"

கம்பி சொன்னான். கண் பரிசோதனை அட்டையின் பின்பக்கத்தில் படமே போட்டுக் காட்டினான். எழுதியவரின் மூக்கை உடைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு முடித்தான். அடி விழும் என்றுகூட எதிர்பார்த்தான்.

"ஐயோ!" என்று பொடுசு கன்னத்தில் கை வைத்தாள். "இத்தனை வருஷத்துல ஒருத்தருக்கும் தோணலையே! அதனாலதான் ஏழாம் பாகத்துல தாழ்ந்த வீட்டுக்காரங்க எல்லாரும் வாசல்ல மரப்பலகை போட்டு நடக்குறாங்க!"

"அது வெள்ளத்துக்குன்னு நினைச்சோம்," என்றார் முதலாளியம்மா கலங்கிய கண்ணோடு.

"வெள்ளமாவது மண்ணாவது! எழுதினவருக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் சொல்லாம வச்சிருக்காரு." பிரேக்கு எழுந்து வந்து கம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, இவ்ளோ நாள் எங்கண்ணே இருந்தீங்க?"

கம்பிக்குக் காது சூடானது. யாரும் அவனிடம் அதைக் கேட்டதில்லை. குழாயில் கசிவைக் கண்டுபிடித்தால் தெருக்காரர்கள் தோண்டியதற்குத் திட்டுவார்கள். இங்கே ஒரு ஓட்டையைக் காட்டினான், மூன்று பேர் ஓட்டைக்குள் இறங்கி அங்கே இன்னொரு தெருவைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

"ஏன் இப்படி உருகுறீங்க எல்லாரும்?" என்று உண்மையிலேயே தெரியாமல் கேட்டான்.

"அங்க எல்லாத்தையும் ஒருத்தர் யோசிச்சு வச்சிருக்காரு சார்," என்றாள் பொடுசு. "செருப்பு எங்க விடணும்கிறதுகூட. இங்க யார் யோசிச்சா? எங்க ஹாஸ்டல்ல கதவு திறந்தா கட்டில்ல இடிக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். கம்பி திரும்பிப் பார்த்தான். மனைவி அதே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பெருமையில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்தான்.

அடுத்த ஞாயிறு அவளுக்குத் தலைவலி. அதற்கடுத்த ஞாயிறும். "நீங்க போய்ட்டு வாங்க," என்றாள். போனான். அவளுக்காகத்தான் போகிறோம் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. திரும்பி வந்து அங்கே பேசியதையெல்லாம் ஒப்பித்தான். துயிலாற்றின் நீர்மட்டம், பிரேக்கின் கோட்பாடு, அதை இவன் மடக்கிய விதம். கல்யாணமான இத்தனை காலத்தில் அந்த வீட்டில் இவ்வளவு சத்தம் கேட்டதில்லை. அவள் "ம்" என்றாள். "அப்படியா" என்றாள். ஒருமுறை "நல்ல விஷயம்" என்றாள். பேச ஆரம்பித்துவிட்டோம், இனி எல்லாம் சரியாகிவிடும் என்று கம்பி தூங்கப் போனான்.

அவள் படிப்பதை நிறுத்தியிருந்தாள். சாப்பிட்ட பிறகு சத்தத்தைக் குறைத்து வைத்து டிவி பார்த்தாள். எந்த நிகழ்ச்சி என்பது அவளுக்கும் தெரியாது. அலமாரியிலிருந்து இவன் பகிரங்கமாகவே புத்தகம் எடுக்கலாம் என்று ஆகிவிட்டதால், அவள் எடுக்காததை இவன் கவனிக்கவில்லை.

மச்சினியிடமிருந்து போன் வந்தது. இந்த முறை ஜோக் இல்லை.

"மாமா, என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

"ஏன், என்ன? அவ படிக்கிறதைத்தான் படிக்கிறேன். நீதானே சொன்னே!"

"ஊர் பேரைக் கேளுங்கன்னு சொன்னேன். அங்க குடியேறச் சொன்னேனா? மாடி ரூமுக்கு இந்த வாரமே வெள்ளையடிக்கச் சொல்றா அவ."

மழை நின்றது. வேன் வருவதாகச் சொன்ன அன்று காலையில் அவள் பெட்டிகளைக் கட்டி முடித்திருந்தாள். கம்பி சுற்றிச் சுற்றி வந்தான். தையல் மெஷின் போகிறது. இஸ்திரிப்பெட்டி இவனுக்காக இருக்கிறது. அலமாரியில் ஒன்பது பாகமும் அப்படியே இருந்தன. பார்த்ததும் அவனுக்குக் குப்பென்று சந்தோஷம். புத்தகம் இங்கேதான் என்றால், அவளும் எப்படியும் திரும்பி வருவாள்.

"புஸ்தகத்தை எடுத்து வைக்கலையே?"

"நீங்க வச்சிக்கோங்க."

"உன் உயிராச்சே அது."

அவள் கயிற்றை முடிச்சுப் போட்டு, பல்லால் இழுத்து இறுக்கினாள். பிறகு கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். அவன் எதிரே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தான்.

"கோவிச்சிக்காதீங்க. ஏன் இப்படி உருகுறீங்கன்னு அன்னிக்குக் கடையில கேட்டீங்கல்ல? எனக்கும் தெரியாம இருந்துச்சு. பெரிய காரணம் எல்லாம் இல்லைங்க. அங்க நீங்க இல்ல. அவ்வளவுதான். நான் சாயங்காலம் கதவைத் திறந்து போவேன், எங்கயும் நீங்க இருக்கமாட்டீங்க. யாரும் என்கிட்ட எதுவும் பேசாம இருக்கமாட்டாங்க."

"இப்ப..."

"இப்ப தெருவுக்குத் தெரு நீங்கதான் இருக்கீங்க. பள்ளம் தோண்டி வச்சிருக்கீங்க."

அவள் சிரிக்க முயன்றாள். நல்ல ஜோக்தான். அவனும் முயன்றான்.

"நான் போகல. இனிமே அங்க போகவே மாட்டேன். திரும்ப எடுத்துக்கோ."

"கொடுக்கிற பொருளா அது? பிரிச்சா உங்க குரல்தான் கேட்குது."

வேன்காரர் கீழே ஹார்ன் அடித்தார். அவள் எழுந்திருக்கவில்லை. இவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம் என்று கம்பிக்கு உறைத்தது. அவள் கேட்காமலே கேட்பது புரிந்தது. அவனிடம் இருந்தது. இத்தனை வருஷத்து மிச்சம், தொண்டை வரைக்கும். பயமாக இருக்கிறது என்ற சொல் இருந்தது. போகாதே என்ற சொல் இருந்தது, அதைவிடச் சின்னதாக வேறு ஏதோ ஒன்றும் இருந்தது. அவன் வாயைத் திறந்தான்.

"ஆறாம் பாகத்துல பாத்தியா," என்றான், "அந்தப் படகுத்துறைப் படிக்கட்டு..."

தன் வாயிலிருந்து வந்தது அவனுக்கே கேட்டது.

"பாத்தேன்," என்று அவள் எழுந்து பெட்டியை எடுத்தாள். "கேஸ்காரர் நம்பரை ஃபிரிட்ஜ் மேல ஒட்டியிருக்கேன்."

அந்த வாரம் அவன் வேலைக்குப் போனான், வந்தான். விடிகாலைத் தெருக்களில் கம்பியைக் காதில் வைத்தால் கசிவுகள் வழக்கம்போல் ஒழுங்காகப் பேசின. வீட்டில் டிவியைப் போட்டால் பார்க்க முடியவில்லை, அணைத்தால் இருக்க முடியவில்லை. புத்தகத்தைத் தொடக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தான். சமைக்கத் தெரியாதவன் அடுப்படியில் நிற்பதைப் போல அலமாரிக்கு முன்னால் போய்ப் போய் நின்றான்.

ஞாயிறு வந்தது. இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வரத்தான் கடைக்குப் போனான். ஒரு வரி, வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டியது. அவளுக்குத் திருப்பிக் கொடுக்க அவனிடம் வேறு எதுவும் இல்லை. கடை காலியானால் அவள் என்றாவது வந்து உட்காரலாம். இனி ஞாயிறு கூட்டத்துக்கு வருவதில்லை என்று அவள் முதலாளியம்மாவிடம் சொல்லிவிட்டது அவனுக்குத் தெரியாது.

"வாங்கண்ணே, வாங்கண்ணே!" பிரேக்கு கண் பரிசோதிக்கும் நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டார். "இது இனிமே உங்க சீட்டு. நாங்க ஒரு இடத்துல மாட்டிக்கிட்டோம். படகுத்துறைப் படிக்கட்டுக்குக் கீழ குழாய் போகுதா, போகலையா?"

"அக்கா வரலையா சார்?" என்றாள் பொடுசு.

வாசல் இன்னும் இரண்டடி தூரத்தில்தான் இருந்தது.

"தலைவலி," என்றான் கம்பி. நாற்காலியில் உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் முதுகில் ஒரு வாரமாக இறுகியிருந்த ஏதோ ஒன்று அவிழ்ந்தது. பொடுசு அட்டையையும் பேனாவையும் நீட்டினாள். படிக்கட்டைப் போட்டான். அதற்குக் கீழே ஒரு குழாய் போட்டான். குழாய் போகும் வழியில் அந்த வீட்டின் அறைகள் இல்லை, ஃபிரிட்ஜ் மேல் ஒட்டிய நம்பர் இல்லை, அவள் உட்கார்ந்து எழுந்த கட்டில் விளிம்பு இல்லை. ஆற்றங்கரை வரை சுத்தமாக ஒன்றுமே இல்லை. நல்ல சரிவு.

அப்போது வெளியே யாரோ கண்ணாடிக் கதவைத் தட்டினார்கள். மங்கலான கண்ணாடி, ஒரு பெண்ணின் உருவம் மட்டும் தெரிந்தது. பிரேக்கின் வலது கால் தரையை அழுத்தியது. பொடுசு அட்டையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள். அவரவர் வீட்டிலிருந்து யாரோ வந்துவிட்டார்கள் என்று அவரவர் முகம் சொன்னது. முதலாளியம்மா போய்க் கதவை ஒரு விரல் அகலம் திறந்தார்.

"கடை லீவும்மா. நாளைக்கு வாங்க."

யாரோ வாடிக்கையாளர். படியிறங்கிப் போகும் செருப்புச் சத்தம் கேட்டது. எல்லோரும் மூச்சு விட்டார்கள். எல்லோரையும்விட நீளமாக விட்டது தான்தான் என்பதைக் கம்பி கேட்டான். வந்தது அவளாக இருந்துவிடுமோ என்று பயந்திருக்கிறோம் என்பது அதற்கப்புறம்தான் தெரிந்தது.

வேறொரு கதையில் என்றால் எழுந்து அவளைத் தேடி ஓடியிருப்பான். பேனாவை எடுத்தான்.

"எங்க விட்டோம்?" என்றான்.